ஓவியத்தில் நிற்கும் சாட்சிகள்: விவிலிய வீராங்கனைகளை ஐரோப்பா பார்த்த விதம்

நீதி கேட்டு நிற்கும் பெண்ணை உலகம் எவ்வாறு பார்க்கின்றது என்பது மிகப் பழைய கேள்வியாகும். அவள் சொல்வதைக் கேட்பதற்கு முன்னர் அவளது தோற்றத்தை ஆராயும் கண்கள் எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் இருந்து வந்துள்ளன. ஐரோப்பாவின் நூதனசாலைகளிலும் அரண்மனைகளிலும் பேணப்பட்டு வரும் விவிலிய ஓவியங்கள் சிலவற்றை நாம் உற்று நோக்குவோமாயின், இக்கேள்விக்கு ஒவ்வொரு காலமும் அளித்த பதிலை அவற்றில் வாசித்தறிய முடியும்.

விவிலியத்தில் வரும் சூசன்னா, யூதித்து, எஸ்தர் ஆகிய மூன்று பெண்களும் ஐரோப்பிய ஓவியர்களால் மீண்டும் மீண்டும் வரையப்பட்டவர்கள். கதை ஒன்றுதான். ஆனால் அக்கதையின் எந்தக் கணத்தை ஓவியர் தெரிந்தெடுத்தார், எதனை விட்டுவிட்டார் என்பதிலேயே அந்த ஓவியத்தின் பொருள் தங்கியுள்ளது. எழுத்தில் பேசியும் செயற்பட்டும் நின்ற இப்பெண்கள், ஓவியத்தில் ஏறியபோது பெரும்பாலும் பார்த்து இரசிக்கப்படும் உருவங்களாக மாற்றப்பட்டனர். அவ்வழக்கத்தை உடைத்து வரைந்தவர்களுள் முதன்மையானவர், தாமே நீதிமன்றில் நின்று வதைபட்ட ஒரு பெண் என்பது கலை வரலாற்றில் மறக்கப்படக் கூடாத செய்தியாகும்.

மூன்று கதைகள்

சூசன்னா பாபிலோனில் வாழ்ந்த யோவாக்கிம் என்பவரின் மனைவி. மக்களுக்கு நீதி வழங்கும் பொறுப்பிலிருந்த முதியோர் இருவர், அவர் தமது தோட்டத்தில் நீராடச் சென்ற வேளையில் மறைந்திருந்து, தமது இச்சைக்கு இணங்குமாறு மிரட்டினர். இணங்காவிடின், ஓர் இளைஞனுடன் அவரைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொல்வோம் என்றனர். அவர் இணங்கவில்லை, உரத்துக் கூவினார். மறுநாள் அந்த இருவரின் சாட்சியத்தை நம்பிய சபை அவருக்கு மரண தண்டனை விதித்தது. அப்போது தானியேல் என்ற இளைஞர் குறுக்கிட்டு, சாட்சிகள் இருவரையும் தனித்தனியே பிரித்து, சம்பவம் எந்த மரத்தின் கீழ் நடந்தது என்று வினவினார். இருவரும் வெவ்வேறு மரங்களைக் கூறினர். பொய் அம்பலமாயிற்று. பின்புறம் கிழிந்த சட்டை யூசுப் நபியின் குற்றமின்மையை நிரூபித்த வரலாற்றை அறிந்த முஸ்லிம் வாசகர்களுக்கு, பொய்க் குற்றச்சாட்டைச் சான்று முறியடிக்கும் இக்கதையின் போக்கு அந்நியமாகத் தோன்றாது.

யூதித்து பெத்தூலியா என்ற மலைநகரில் வாழ்ந்த கைம்பெண். அசீரியப் படைத்தலைவன் ஒலோபெரின் அந்நகரை முற்றுகையிட்டுத் தண்ணீரைத் தடுத்தான். தாகத்தால் வாடிய மக்களின் நெருக்குதலுக்கு உள்ளான நகரத் தலைவர்கள், ஐந்து நாட்களில் உதவி கிட்டாவிடின் சரணடைவதென முடிவு செய்தனர். அவர்களைக் கண்டித்த யூதித்து, தமது பணிப்பெண்ணுடன் எதிரியின் பாசறைக்குச் சென்று, மதுமயக்கத்தில் கிடந்த படைத்தலைவனின் தலையை அவனது வாளினாலேயே கொய்தார். அத்தலையை உணவுப் பையில் இட்டு எடுத்துக்கொண்டு இருவரும் நகர் திரும்பினர்.

எஸ்தர் பாரசீக மன்னன் அகஸ்வேரின் அரசியான யூதப் பெண். தமது இனத்தவர் அனைவரையும் அழித்தொழிக்க அமைச்சன் ஆமான் கட்டளை பெற்றுவிட்டதை அறிந்ததும், அழைப்பின்றி மன்னன் முன் செல்வோருக்கு மரணம் என்ற சட்டத்தையும் பொருட்படுத்தாது அவன் முன் சென்றார்; தம் மக்களுக்காகப் பேசி அவர்களைக் காத்தார்.

யூதித்து நூலும் சூசன்னாவின் கதையும் கத்தோலிக்க விவிலியத்தில் இடம்பெறுகின்றன. யூதர்களின் மறைநூலிலும் புரட்டஸ்தாந்து சபைகளின் வேதாகமத்திலும் இவை சேர்க்கப்படவில்லை. எனவே கிறிஸ்தவ வாசகர்களுள்ளும் ஒரு சாரார் இவற்றை அதிகம் அறியாதிருக்கக்கூடும். எஸ்தரின் நூல் மூன்று தரப்பினருக்கும் பொதுவானது.

நீராடலா, நீதியா?

சூசன்னாவின் கதையில் நீராடல் என்பது ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் செய்தி. கதையின் பெரும்பகுதி மிரட்டல், மறுப்பு, விசாரணை, விடுதலை என்பவற்றைப் பற்றியதே. ஆதிக் கிறிஸ்தவர்கள் அதனை அவ்வாறே புரிந்து கொண்டனர். உரோமில் உள்ள பிரெத்தெக்ஸ்தாத்து நிலக்கீழ்க் கல்லறைச் சுவரொன்றில், இரு ஓநாய்களுக்கு நடுவே நிற்கும் ஆட்டுக்குட்டியாகச் சூசன்னா வரையப்பட்டுள்ளார். ஆட்டின் மேல் அவரது பெயரும் எழுதப்பட்டுள்ளது. அங்கே உடலும் இல்லை, அழகும் இல்லை. அதிகாரத்தின் பிடியில் சிக்கிய அப்பாவி என்ற பொருள் மட்டுமே உண்டு.

ஒன்பதாம் நூற்றாண்டில் லொத்தேர் மன்னனுக்காகச் செய்யப்பட்டு, தற்போது லண்டன் பிரிட்டிஷ் நூதனசாலையில் உள்ள பளிங்குத் தகட்டிலும் இக்கதை எட்டுக் காட்சிகளாகச் செதுக்கப்பட்டுள்ளது. ஓவியமன்றெனினும் இது இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. ஏனெனில் அங்கே முதன்மை பெறுவது குளியலன்று, விசாரணையும் தீர்ப்புமாகும்.

பதினாறாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. செல்வந்தர்கள் தமது மாளிகைகளுக்கென ஓவியங்களை வாங்கத் தொடங்கிய காலம் அது. நிர்வாணப் பெண் உருவத்தைச் சமயக்கதை என்ற போர்வையில் மாட்டி வைப்பதற்குச் சூசன்னா வசதியாக அமைந்தார். வெனிஸ் நகர ஓவியர் டின்டொரெட்டோ 1555ஆம் ஆண்டளவில் வரைந்து, இன்று வியன்னாவில் உள்ள ஓவியம் இதற்குத் தக்க உதாரணமாகும். ஒளி முழுவதும் சூசன்னாவின் உடல் மீது விழுகின்றது. அவரோ கண்ணாடியில் தம்மைப் பார்த்தவாறு அமர்ந்திருக்கின்றார். பூவேலியின் இரு முனைகளிலும் முதியோர் எட்டிப் பார்க்கின்றனர். ஓவியக் கலை என்ற வகையில் அது ஒப்பற்ற படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் கதையில் இல்லாத அந்தக் கண்ணாடியை ஓவியர் ஏன் வைத்தார் என்று நாம் கேட்க வேண்டியுள்ளது. தன்னழகைத் தானே இரசிக்கும் பெண்ணைப் பிறர் பார்ப்பதில் என்ன குற்றம் என்று அந்தக் கண்ணாடி மெல்லச் சொல்லி வைக்கின்றது. கண்டிக்கப்பட வேண்டிய முதியோரின் இடத்திலேயே பார்வையாளரும் நின்று, அவர்கள் பார்த்ததையே பார்த்து மகிழ்கின்றார்.

எல்லா ஓவியர்களும் அவ்வாறே வரைந்தனர் என்று கூறுவது நியாயமாகாது. ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1636இல் வரைந்த சூசன்னா ஹேக் நகரில் உள்ளது. உடலை மறைத்துக் குனிந்த அப்பெண் திடுக்கிட்டு நேரே நம்மைப் பார்க்கின்றார். முதியோர் ஒருவரின் முகம் புதருக்குள் மங்கலாகவே தெரிகின்றது. அத்துமீறி நுழைந்தவர் யார் என்ற கேள்வி ஓவியத்திற்கு வெளியே நிற்கும் நம்மை நோக்கித் திரும்புகின்றது. அவரே 1647இல் முடித்து, பெர்லினில் உள்ள மற்றோர் ஓவியத்தில், முதியோர் ஒருவர் சூசன்னாவின் துணியைப் பற்றி இழுக்க, அவர் உதவி கேட்பது போல் மீண்டும் நம்மையே நோக்குகின்றார். பார்ப்பவரைச் சாட்சியாக நிறுத்தும் ஓவியங்கள் இவை.

வீரம் அச்சமாகிய கதை

யூதித்தின் உருவம் வேறொரு பாதையில் சென்றது. சிறியோர் வலியோரை வெல்வதற்கு அவர் அடையாளமாகக் கொள்ளப்பட்டார். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் 1508 முதல் 1512 வரை ஓவியம் தீட்டிய மைக்கலாஞ்சலோ, இளம் தாவீது கோலியாத்தை வீழ்த்தும் காட்சியையும் யூதித்து தலையைக் கொண்டு செல்லும் காட்சியையும் அருகருகான மூலைகளில் அமைத்தார். ஜெர்மனியில் லூக்காஸ் கிரானாக் 1530ஆம் ஆண்டளவில் யூதித்தைச் சக்சனி அரசவைச் சீமாட்டியின் உடையில் பலமுறை வரைந்தார்.

ஆயினும் ஆணை வெல்லும் பெண் என்ற உருவம் சிலருக்கு அச்சத்தையும் ஊட்டியது. புளோரன்ஸ் நகரில் நடந்த ஒரு சம்பவம் இதனைத் தெளிவாகக் காட்டும். தொனத்தெல்லோ செய்த யூதித்தின் வெண்கலச் சிலை மெடிச்சி குடும்பத்தின் மாளிகையில் இருந்தது. அக்குடும்பத்தினர் நகரிலிருந்து துரத்தப்பட்ட பின், 1495இல் கொடுங்கோன்மைக்கு எதிரான குடியரசின் சின்னமாக அச்சிலை நகராட்சி மாளிகையின் முன் நிறுத்தப்பட்டது. ஒன்பது ஆண்டுகளின் பின்னர், மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையை எங்கே வைப்பதென ஆராயக் கூடிய குழுவில், அரசின் கட்டியக்காரர் எழுந்து, யூதித்து மரணத்தின் சின்னமென்றும் ஒரு பெண் ஓர் ஆணைக் கொல்வது நல்லதல்லவென்றும், அச்சிலை வந்த நாள் முதல் நகருக்குக் கேடே விளைந்ததென்றும் வாதிட்டார். அதே 1504இல் யூதித்து அகற்றப்பட்டு அவ்விடத்தில் தாவீது நிறுத்தப்பட்டார். தலையைக் கொய்தவர் என்ற வகையில் இருவரும் ஒன்றே. குறையாகக் காணப்பட்டது அவர் பெண் என்பது மாத்திரமே.

இவ்வச்சம் நீங்கவில்லை. வியன்னா ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட் 1901இல் வரைந்த யூதித்து, பொன்னாபரணங்களுடன் அரைக்கண் மூடிய மோகினியாகத் தோன்றுகின்றார். கொய்யப்பட்ட தலை ஓவியத்தின் கீழ் மூலையில் பாதியே தெரிகின்றது. யூதித்து, ஒலோபெரின் என்ற பெயர்கள் சட்டகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தும் பலர் அதனைச் சலோமி என்றே அழைத்து வந்தனர். சலோமி என்பவள், முஸ்லிம்கள் யஹ்யா நபி என மதிக்கும் திருமுழுக்கு யோவானின் தலையை நடனத்திற்குப் பரிசாகக் கேட்டவளென அறியப்பட்டவள். தன் ஊரைக் காப்பாற்றிய ஒரு பெண், இறைவாக்கினரின் உயிரைப் பறித்தவளாக மாறித் தோன்றும் அளவிற்கு உருவம் கதையை விழுங்கிவிட்டது.

ஒரு பெண்ணின் கையில் தூரிகை

இத்தகைய சூழலில்தான் ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கியின் ஓவியங்களை வைத்துப் பார்க்க வேண்டும். அவர் 1593இல் உரோமில் பிறந்தவர். தந்தை ஒராசியோவும் புகழ்பெற்ற ஓவியர். தந்தையின் கூடத்திலேயே தொழில் கற்ற அவர், 1610இல், தமது பதினேழாவது வயதளவில், தம் பெயர் பொறித்து வரைந்த சூசன்னா ஓவியம் ஜெர்மனியின் பொம்மர்ஸ்பெல்டன் மாளிகையில் உள்ளது.

அதில் தோட்டமில்லை, பூவேலியில்லை, கண்ணாடியில்லை. வெறுங் கல்லிருக்கை ஒன்றில் சூசன்னா இருக்கின்றார். இரு ஆண்களும் சுவரின் மேலிருந்து அவரை அழுத்துவது போல் குனிந்திருக்கின்றனர். ஒருவர் மற்றவரின் காதில் கிசுகிசுக்கின்றார். மற்றவர் விரலை உதட்டில் வைத்துப் பேசாதே எனச் சைகை காட்டுகின்றார். சூசன்னா உடலைத் திருப்பி, இரு கைகளையும் உயர்த்தி அவர்களைத் தடுக்கின்றார். முகத்தில் வேதனை மாத்திரமே. தந்தையின் வழிகாட்டல் இவ்வோவியத்தில் இருந்திருக்கக்கூடும் என்று கருதும் ஆய்வாளரும் உளர். எவ்வாறாயினும், இக்கதையில் நடந்தது ஒரு குற்றம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஓவியங்கள் மிகச் சிலவே.

அடுத்த ஆண்டு, 1611இல், தந்தையுடன் பணியாற்றிய அகொஸ்தீனோ தஸ்ஸி என்ற ஓவியர் ஆர்ட்டெமீசியாவைப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தினார். மணம் செய்வதாகக் கூறி ஏமாற்றினார். 1612இல் தந்தை வழக்குத் தொடர்ந்தார். அவ்வழக்கின் பதிவேடு இன்றும் உரோமில் பாதுகாக்கப்பட்டுள்ளது. முறைப்பாடு செய்த பெண்ணையே மருத்துவச்சிகள் பரிசோதித்தனர். அவரது நடத்தையை இழிவுபடுத்தும் சாட்சிகள் கொண்டுவரப்பட்டனர். அவர் சொல்வது மெய்தானா என்று அறிய, குற்றஞ்சாட்டப்பட்டவரின் முன்னிலையிலேயே அவரது விரல்களில் கயிற்றைச் சுற்றி இறுக்கி வதைத்தனர். தூரிகை பிடித்து வாழ வேண்டிய கைகள் அவை. அந்நிலையிலும் தாம் கூறியது உண்மையே என்று அவர் திரும்பத் திரும்ப உறுதிப்படுத்தினார். தஸ்ஸி குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். உரோமை விட்டு வெளியேறுமாறு விதிக்கப்பட்ட தண்டனை முறையாக நிறைவேற்றப்படவில்லை.

தானியேல் சாட்சிகளைத்தான் சோதித்தார். உரோம நீதிமன்றமோ பாதிக்கப்பட்டவரைச் சோதித்தது. இந்த வேறுபாட்டை நாம் மனங்கொள்ள வேண்டும்.

இரு பெண்களின் கூட்டுச் செயல்

வழக்கு முடிந்த அவ்வாண்டின் இறுதியிலேயே ஆர்ட்டெமீசியா மணம் முடித்துப் புளோரன்ஸ் சென்றார். ஒலோபெரினின் தலையை யூதித்து கொய்யும் காட்சியை அவர் இருமுறை வரைந்துள்ளார். 1612, 1613ஆம் ஆண்டுகளைச் சேர்ந்ததெனக் கொள்ளப்படும் முதலாவது நேப்பிள்ஸ் நகரிலும், 1620ஆம் ஆண்டளவில் வரையப்பட்ட இரண்டாவது புளோரன்ஸின் உபீசி கலைக்கூடத்திலும் உள்ளன.

அவருக்குச் சில ஆண்டுகள் முன்னர் கரவாஜ்ஜோ இதே காட்சியை வரைந்திருந்தார். உரோமின் பர்பெரினி மாளிகையில் உள்ள அவ்வோவியத்தில், யூதித்து கையை நீட்டித் தூர நின்று, தாம் செய்வதைக் கண்டு தாமே கூசுபவர் போல் புருவம் நெரிக்கின்றார். முதிய பணிப்பெண் துணியுடன் அருகே நின்று பார்க்கின்றாள். ஆர்ட்டெமீசியாவின் ஓவியத்தில் நிலைமை வேறு. பணிப்பெண் இளையவள், படைத்தலைவனின் மேல் தன் முழுப் பாரத்தையும் ஊன்றி அழுத்திப் பிடிக்கின்றாள். யூதித்து சட்டைக் கையை மடித்து, அவனது தலைமயிரைப் பற்றி, கடும் வேலையில் ஈடுபட்ட ஒருவரின் கவனத்துடன் வாளைச் செலுத்துகின்றார். விவிலியத்தின்படி பணிப்பெண் அறைக்கு வெளியே காத்திருந்தவள். அவளை உள்ளே கொண்டுவந்து வேலையில் பங்காளியாக்கியதன் மூலம், ஒரு வலிய ஆணை வீழ்த்த எவ்வளவு பலம் வேண்டும் என்பதை அவர் மெய்யாகக் கணக்கிட்டுக் காட்டியுள்ளார்.

இவ்வோவியங்கள் வெறும் பழிவாங்கல் என்று கூறுவோர் பலர். இக்கருத்தை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. அவரது முதற் சூசன்னா வல்லுறவுக்கு முந்திய ஆண்டில் வரையப்பட்டது என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். மேலும் யூதித்தின் கதை அக்காலத்தில் பெரிதும் விரும்பி வாங்கப்பட்ட பொருளாகும். வேறோர் ஓவியர் குரூரத்தை வரைந்தால் அது கலைத்திறன். பெண் வரைந்தால் அது காயத்தின் கதறல் என்பது நீதியான அளவுகோலன்று. அவர் தேர்ந்த தொழிலாளி. 1616இல் புளோரன்ஸ் ஓவியக் கழகத்தில் இணைக்கப்பட்ட முதற்பெண் அவரே. அறிஞர் கலிலியோவுடன் அவருக்கு நட்பிருந்தது. யூதித்து ஓவியத்திற்கான கூலியைப் பெற்றுக்கொள்ள அவர் முன்னர் உதவியதை 1635இல் எழுதிய கடிதத்தில் ஆர்ட்டெமீசியா நினைவுகூர்ந்துள்ளார்.

எஸ்தரையும் அவர் வரைந்தார். நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையில் உள்ள அவ்வோவியத்தில், பணிப்பெண்கள் தாங்க அரசி மயங்கிச் சாய்கின்றார். மன்னன் அரியணையிலிருந்து எழ முற்படுகின்றான். இம்மயக்கம் விவிலியத்தின் கிரேக்க வடிவில் மாத்திரம் உள்ள செய்தி. துணிவு என்பது அச்சமின்மையன்று. அச்சத்துடனேயே அடியெடுத்து வைப்பது என்பதை அது உணர்த்துகின்றது.

மறதியும் மீட்சியும்

1650களின் பின்னர் ஆர்ட்டெமீசியாவைப் பற்றிய தகவல் அருகிவிடுகின்றது. காலப்போக்கில் அவரது ஓவியங்கள் சில பிறர் பெயரில் வழங்கலாயின. 1916இல் இத்தாலிய ஆய்வாளர் ரொபேர்ட்டோ லொங்கி தந்தை, மகள் இருவரையும் பற்றி எழுதிய கட்டுரையே நவீன ஆய்வுக்கு வழி திறந்தது. 1970களில் பெண் ஆய்வாளர்கள் அவரை மீண்டும் முன்னிலைக்குக் கொண்டு வந்தனர். 2020இல் லண்டன் தேசிய கலைக்கூடம் அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியபோது, 1612ஆம் ஆண்டு வழக்கின் பதிவேடும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது.

இதனினும் வியப்பான செய்தி 2023இல் வெளியாயிற்று. இங்கிலாந்து அரச குடும்பத்தின் ஓவியத் தொகுப்பில், பிரெஞ்சுப் பாணி ஓவியம் எனத் தவறாகக் குறிக்கப்பட்டு, ஹாம்ப்டன் கோர்ட் மாளிகையின் களஞ்சியத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பழுதடைந்து கிடந்த சூசன்னா ஓவியமொன்று ஆர்ட்டெமீசியாவினுடையது என உறுதி செய்யப்பட்டது. 1638ஆம் ஆண்டளவில் அவர் லண்டன் வந்திருந்தபோது அரசி ஹென்றியெட்டா மரியாவுக்காக வரைந்தது அது. பொய்ச்சாட்சியால் பழிசுமந்த பெண்ணின் ஓவியம், பொய்யான பெயருடன் இருட்டறையில் கிடந்து, முறையான ஆய்வினால் தன் உண்மைப் பெயரை மீளப் பெற்றிருக்கின்றது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஓவியக் கலைக்கு மட்டும் உரியதன்று. ஒரு கதையில் எந்தக் கணத்தைத் தெரிந்தெடுக்கின்றோம் என்பதே அதன் நீதியைத் தீர்மானிக்கின்றது. டின்டொரெட்டோ நீராடலைத் தெரிந்தெடுத்தார். ஆர்ட்டெமீசியா மறுப்பைத் தெரிந்தெடுத்தார். எழுதுகோல் பிடித்திருக்கும் நமக்கும் இதே தெரிவு உண்டு. பாதிக்கப்பட்ட பெண்ணொருவரைப் பற்றிச் செய்தி எழுதும்போது, அவர் எந்நேரத்தில் எங்கே சென்றார், என்ன உடுத்தியிருந்தார் என்று தொடங்குவோமாயின் நாமும் பூவேலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவர்களே. அவர் என்ன சொன்னார் என்று தொடங்குவோமாயின், சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்த அந்த இளைஞரின் பக்கம் சிறிதேனும் நகர்ந்தவர்களாவோம்.